அதிகம் என்று வந்த மண்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் மண் பரிசோதனை ஆய்வகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது, கல்யாண ரிசப்ஷனில் மாமாவிடம் மைக்கைக் கொடுப்பது போல. வாங்கத் தெரியும், திருப்பித் தரத் தெரியாது. ஆனாலும் மண்ணை எப்படிச் சலிப்பது, எந்தக் குடுவையில் எந்த அமிலம் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆள் லீவில் போனால் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் சொல்ல நினைப்பது மூன்று வார்த்தைகளைப் பற்றி. குறைவு, நடுத்தரம், அதிகம்.

விவசாயி ஒரு பை மண்ணைக் கொண்டுவந்து கொடுக்கிறார். நாம் அதைக் காயவைத்து, இடித்து, கரைத்து, நிறம் மாற்றி, கடைசியில் அவரிடம் ஒரு வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கிறோம். கூடவே ஒரு எண்ணும் கொடுக்கிறோம்தான். அதை யாரும் படிப்பதில்லை. நம்மிலேயே பல பேர் படிப்பதில்லை.

நான் பிறவி நடுத்தரம். பள்ளிக்கூடத்தில் நடு பெஞ்சு. வேலையில் என்னைப் பற்றி மேலதிகாரிகள் வருடா வருடம் எழுதிய ரகசியக் குறிப்பிலும் அதே வார்த்தைதான் இருந்திருக்கும் என்பது என் யூகம். இப்போதுகூட எனக்கு நடுத்தர வயது என்றே நினைப்பு. என் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். அதனால் ‘அதிகம்’ என்ற வார்த்தையின் மேல் எனக்கு எப்போதும் ஒரு தனி மரியாதை. அந்த மரியாதை போன கதை இது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், கோடை முடியும் நேரம். திருச்சியில் அரியமங்கலம் தாண்டிக் கிழக்கே, பைபாஸில், கச்சா எண்ணெய் ஏற்றி வந்த டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்தது. டிரைவர் கை முறிவோடு பிழைத்தார். எண்ணெய் ரோட்டுச் சரிவில் இறங்கி ஒரு வயலில் போய் நின்றது. பெட்ரோல் போலப் பாதி ஆவியாகிப் போகிற சரக்கில்லை அது. கறுப்பாக, வெல்லப்பாகு பதத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இளகும். இளகி, அவசரமே இல்லாமல் மண்ணுக்குள் இறங்கும்.

வயல் தனலட்சுமி என்கிற அம்மாவுடையது. கணவர் காலமாகிவிட்டார்; தனியாகத்தான் விவசாயம். பக்கத்து வயல் அவருடைய மூத்தார் கோவிந்தராசுடையது, அதாவது கணவரின் அண்ணன். இரண்டு வயலுக்கும் ஒரே கிளை வாய்க்கால். தண்ணீர் முதலில் தனலட்சுமி வயலில் பாய்ந்து, அது நிறைந்த பிறகு மூத்தார் வயலுக்குப் போகும். அங்கிருந்து அதற்கும் கீழே இன்னும் பலருடைய வயல்களுக்கு. வாய்க்காலில் தண்ணீர் திறக்க அப்போது ஒரு வாரம்கூட இல்லை. இந்த இரண்டு விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். அந்த வாரம் பூராவும் என்னால் இதை மறக்க முடியவில்லை.

எண்ணெய் நின்ற இடத்து மண் தனலட்சுமி பெயரில் நம் ஆய்வகத்துக்கு வந்தது, மற்ற மண்களோடு மண்ணாக. லாரி கவிழ்ந்த மண்ணுக்கு என்று தனி வழி எதுவும் நம்மிடம் கிடையாது. சோதித்தவர் ஷகிலா. உங்களுக்கு இப்போது ஷகிலா மேடம். கையில் குடுவையோடு என் மேஜைக்கு வந்தார்.

“சார், கரிமச்சத்துப் பாக்கறதுக்கு ஆரஞ்சு கரைசலை ஊத்தினேன். ஊத்தின உடனே மொத்தமும் பச்சையாயிடுச்சு.”

“மண்ணைக் கொஞ்சமா எடுத்துப் பாருங்களேன்.”

“எடுத்தேன். அதுவும் பச்சைதான். அப்புறம் சார், அடுப்புல வெச்சா லேப் பூரா பெட்ரோல் பங்க் வாசனை.”

எனக்கு அப்போதே விஷயம் பிடிபட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். நாம் கரிமச்சத்து என்று அளப்பது மக்கிய இலையிலும் சாணத்திலும் இருக்கிற கரியை. கரி கூடக் கூட ஆரஞ்சு பச்சையாகும். எண்ணெயிலும் இருப்பது கரிதான். அந்த ஆரஞ்சுக் கரைசலுக்குச் சாணம் எது, கச்சா எண்ணெய் எது என்று வித்தியாசம் தெரியாது. நாம் எண்ணைப் பார்த்தோம். எண்ணெயைப் பார்க்கவில்லை.

நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டது. எண்ணைப் பதிவு செய்தவுடன் விவசாயியின் போனுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும்படி யாரோ புண்ணியவான் ஏற்பாடு செய்திருந்தார். உங்கள் மண்ணில் கரிமச்சத்து: அதிகம். மண் வளம்: மிக நன்று. தழைச்சத்து உரத்தைக் குறைத்து இடவும்.

மாவட்டத்திலேயே அந்த வாரம் ‘மிக நன்று’ வாங்கிய ஒரே மண், எண்ணெயில் ஊறிய அந்த மண்தான்.

மறுநாள் காலை காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீஸ் வருகிறவர்களுக்கு அது தினசரி தியான நேரம். அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை. சீட்டை ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தேன். ஆறு முழுக்க மணல். சீக்கிரம் தண்ணீர் வந்துவிடும் என்ற நினைப்பு வழக்கமாகச் சந்தோஷத்தைத் தரும். அன்றைக்கு வராமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. திருச்சியில் பிறந்து வளர்ந்தவன் காவிரியில் தண்ணீர் வரக்கூடாது என்று நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஆபீஸில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். பாஸ்கர் என்று பெயர், லாரி கம்பெனியின் ஆள். இஸ்திரி கலையாத சட்டை, கையில் மைசூர்பாகு டப்பா.

“சார், உங்க லேபுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. எங்க எண்ணெயால மண்ணு கெட்டுப்போச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நீங்க வளமாயிருக்குன்னே குடுத்துட்டீங்க. கையெழுத்துப் போட்ட காப்பி ஒண்ணு வேணும். நாளைக்குக் கோட்டாட்சியர் மீட்டிங்.”

“அந்த ரிப்போர்ட்ல ஒரு சிக்கல் இருக்குங்க.”

“நம்பர் தப்பா சார்?”

“நம்பர் சரிதான்.”

“அப்புறம் என்ன சார், எடுத்துக்கோங்க” என்று டப்பாவைத் திறந்தார். நான் மூடிக் கொடுத்தேன். கையெழுத்தும் போடவில்லை. அவர் கவலைப்படவில்லை, தனலட்சுமி போனுக்கு வந்த குறுஞ்செய்தியே அவருக்குப் போதும்.

அவருடைய திட்டம் எளிமையானது. எண்ணெய் நின்ற இடத்தில் மேலே செம்மண் அடிப்பது, ஒரு உழவு ஓட்டுவது, தனலட்சுமியிடம் ‘திருப்தி’ என்று கையெழுத்து வாங்குவது. அதோடு கம்பெனிக்கும் அந்த வயலுக்கும் சம்பந்தம் முடிந்தது. அடுத்த நாள் தண்ணீர் திறப்பார்கள். அடியில் இருக்கிற எண்ணெய் தண்ணீரில் மிதந்து, வயல் வயலாக இறங்கிப் போகும்.

ஷகிலாவையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வயலுக்குப் போனேன். அந்த அம்மா புலம்புவார், திட்டுவார், எதையாவது தூக்கிப் போடுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் சிரித்த முகமாக வந்தார்.

“வாங்க சார். நீங்கதான் அந்த லேபா?” போனை நீட்டினார். “பாருங்க.”

“பாத்தேம்மா. அதைப் பத்தித்தான்...”

“மூத்தார் வயலு எப்பவும் நடுத்தரம். என்னோடது குறைவு. ஒவ்வொரு தடவையும் கார்டு வந்ததும் வரப்புல நின்னு வாசிப்பாரு. ‘என்ன தனம், இந்தத் தடவையும் குறைவா’ம்பாரு. இப்ப நான் வாசிச்சேன். ரெண்டு வாட்டி வாசிச்சேன்.”

வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோவிந்தராசு குரல் கொடுத்தார். “சார், என் வயலுக்கும் ஒரு டின் ஊத்தச் சொல்லுங்க. நானும் அதிகமாயிக்கிறேன்.”

“பொறாமை” என்றார் தனலட்சுமி என்னிடம், அவருக்குக் கேட்கும்படி.

ஷகிலா குனிந்து, தன் பாட்டில் தண்ணீரைக் கறுத்த மண்ணின் மேல் ஊற்றினார். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்தது போலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, மேலே புழுதி பூசிக்கொண்டு, பள்ளம் பார்த்து ஓடியது. அடியில் மண் காய்ந்தே கிடந்தது.

“மண்ணு தண்ணி குடிக்க மாட்டேங்குது, பாத்தீங்களாம்மா” என்றார் ஷகிலா.

“வாய்க்கா தண்ணி வந்தா அது வேகத்துல அடிச்சிட்டுப் போயிடும்.”

“எங்கே போகும்?” என்றேன்.

தனலட்சுமி வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன்.

நான் விளக்க ஆரம்பித்தேன். மண்ணுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னும், தின்னும்போது பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும், எங்கள் செய்தியோ தழைச்சத்தைக் குறைக்கச் சொல்கிறது. காலேஜில் கைதட்டு வாங்கியிருப்பேன்.

“அப்ப உள்ள எல்லாம் நல்லாத் தின்னுக்கிட்டுத்தானே இருக்கு?” என்றார் தனலட்சுமி.

ஷகிலா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானும் விடாமல் சொன்னேன். வேருக்குக் காற்று போகாது, விதை முளைக்காது, அந்த மண்ணைத் தோண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும், மேலே மண் போட்டு மூடினால் அது உள்ளேயே இருக்கும் என்று. கடைசியில் அவர் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது.

“வயசு போன காலத்துல ஒரு தடவ அதிகம்னு வந்துச்சு. அதையும் பிடுங்கத்தான் ஜீப்பு போட்டுக்கிட்டு வந்தீங்களா?” போனை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, “சரி. குறைவுன்னே மாத்திப் போட்டுக் குடுத்துடுங்க. எனக்குப் பழகினதுதான். அதைக் காட்டினா கம்பெனிக்காரங்க மண்ணை எடுத்துத்தானே ஆகணும்?”

இந்த இடத்தில்தான் உங்களோடு கொஞ்சம் உட்கார வேண்டும். அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. எண்ணில் ஒரு புள்ளியை இடப்பக்கம் நகர்த்தினால் வார்த்தை மாறிவிடும். வார்த்தை மாறினால் வயல் பிழைக்கும். ஷகிலா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றா, செய்யுங்கள் என்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. “நாளைக்கு வாங்கம்மா, பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அரசாங்க ஊழியருக்கு ஆபத்தில் வாயில் வரும் முதல் வாக்கியம் அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் கால் நிற்கவில்லை. மேலதிகாரி போனில் வந்தார். பேசிக்கொண்டே உத்தர வீதியில் நடந்தேன்.

“நம்பர் சரிதானே? அப்புறம் ஏன் ரிப்போர்ட்டை நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

“சார், அது எண்ணெயோட கரி.”

“எங்கேயாவது அப்படி எழுத இடம் இருக்கா? இல்லல்ல? ஒண்ணு செய்யுங்க. நம்ம முறைப்படி வயல் பூரா பல இடத்துல மண்ணெடுத்துக் கலந்து இன்னொரு தடவ பாத்துடுங்க. எண்ணெய் படாத மண்ணும் சேர்ந்தா நடுத்தரத்துக்கு வந்துடும். யாருக்கும் வருத்தமில்லை.”

அவர் சொன்னது நம் பாடப்புத்தக முறை. ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. போதாததற்கு, அது எனக்குப் பிடித்த நடுத்தரம். நான் இன்னொரு சுற்று நடந்தேன். வீட்டு வாசலில் மனைவி காப்பி டம்ளரோடு நின்றாள்.

“ஏன் இப்படிச் சுத்தறேள்? பெருமாளே இந்த வீதியை ஒரு நாளில் இத்தனை தடவை சுத்தினதில்லை.”

“ஒரு மண்ணு அதிகம்னு வந்துடுத்து.”

“அதுக்கா? சர்க்கரை அதிகம்னு வந்தவா மாதிரின்னா நடக்கறேள்.”

அன்றைக்கு அது எனக்கு வெறும் கிண்டலாகத்தான் கேட்டது. காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி நடந்தேன்.

மறுநாள் மீட்டிங்கில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. ஒரு பக்கம் பாஸ்கரும் அவருடைய டப்பாவும். எதிரில் தனலட்சுமி. அவர் முன்னால் திருப்திக் காகிதமும் மூடி கழற்றிய பேனாவும். கடைசி வரிசையில் கோவிந்தராசும் கீழ் வயல்காரர்களும். கோட்டாட்சியர் இளைஞர், எங்கோ போகிற அவசரத்தில் இருந்தார். பாஸ்கர் எழுந்து எல்லோருக்கும் மைசூர்பாகு நீட்டிக்கொண்டே வந்தார். கோட்டாட்சியர் கையை உயர்த்தினார்.

“வேணாங்க. எனக்குச் சுகர் அதிகம்.”

டப்பா நகர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க சார். உங்க ரிப்போர்ட்ல மண் வளம் அதிகம்னு இருக்கு. நம்பர் சரியா, தப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

நான் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கரைசல், நுண்ணுயிர், தழைச்சத்து. அதை மடித்துப் பையில் வைத்தேன். முந்தின நாள் காப்பியோடு வந்த கிண்டல் ஞாபகம் வந்தது.

“நம்பர் சரிங்க சார். வார்த்தை தப்பு.”

“புரியலை.”

“உங்க ரத்த ரிப்போர்ட்லயும் அதிகம்னுதான் போட்டிருக்கும். அதுக்காக யாரும் உங்களை வளமா இருக்கீங்கன்னு சொல்ல மாட்டாங்க. இந்த மண்ணுல அதிகமா இருக்கறது எண்ணெய். எங்க சோதனைக்கு அதுவும் சத்தாத் தெரியுது. இந்தச் சோதனை இந்த மண்ணுக்குப் பொருந்தாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாஸ்கர் சிரிக்கவில்லை. “அப்ப இந்த லேப் இதுவரைக்கும் குடுத்த ரிப்போர்ட் எல்லாமே இப்படித்தானா சார்? எல்லாத்தையும் சந்தேகப்படலாமா?”

நல்ல அடி. மேலதிகாரி முகம் கண்முன் வந்தது, கூடவே ஓய்வூதியமும்.

“மத்த வயல்ல லாரி கவிழலீங்களே” என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதைச் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

கோட்டாட்சியர் தனலட்சுமியைப் பார்த்தார். “நீங்க என்னம்மா சொல்றீங்க? கையெழுத்துப் போடறீங்களா?”

தனலட்சுமி பேனாவைக் கையில் எடுத்தார். என்னிடம் கேட்டார். “தண்ணியோட மூத்தார் வயலுக்கும் போயிடுமா?”

“போகும்மா.”

“அதுக்குக் கீழயும்?”

“போகும்.”

அவர் திரும்பி, கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை மூடி, காகிதத்தின் மேல் வைத்தார்.

“அவரு நடுத்தரமாவே இருக்கட்டும். என் வயலால அவரு அதிகமாக வேணாம். மண்ணை எடுக்கச் சொல்லுங்க சார்.”

கோவிந்தராசு தொண்டையைச் செருமினார்.

அன்று மதியமே தோண்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் வருவதற்குள் முடியவில்லை. கிளை வாய்க்காலின் வாயில் மணல் மூட்டை அடுக்கி, கீழ் வயல்களுக்கு வேறு பக்கம் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். மூட்டை தூக்கியவர்களில் கோவிந்தராசும் ஒருவர். “என் வயலுக்காகத்தான் தூக்கறேன்” என்று கேட்காமலேயே எல்லோரிடமும் சொன்னார். டிப்பர் லாரிகளில் கறுத்த மண் ஏறியபோது தனலட்சுமி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “போகுது பாருங்க, என் அதிகம்” என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ரோட்டோரம் ஒரு மூலையில் எண்ணெய் எங்கள் கணக்கைவிட ஆழமாக இறங்கியிருந்தது. அங்கே பயிர் இன்றும் மஞ்சளாகத்தான் நிற்கிறது என்று கேள்வி. மேலதிகாரி என்னோடு சில மாதம் சுருக்கமாகவே பேசினார். ரகசியக் குறிப்பில் என்ன எழுதினார் என்று தெரியாது. நடுத்தரத்துக்குக் கீழே ஒரு வார்த்தை நம்மிடம் இருக்கிறதே.

நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் மூன்று கட்டம்தான் இருக்கும். உங்கள் முன் வரும் மண் நாலாவது ஜாதியாக இருந்தால், இருக்கிற கட்டத்துக்குள் அதைத் தள்ளிவிடத்தான் எல்லோரும் உதவுவார்கள். நல்லவர்கள் ஒரு கட்டத்துக்கும் மற்றவர்கள் வேறொரு கட்டத்துக்கும் தள்ளுவார்கள். தனலட்சுமி கேட்டபடி எண்ணை மாற்றியிருந்தால் பாஸ்கர் வேறொரு லேபில் சோதித்து என் பொய்யைப் பிடித்திருப்பார். அதோடு அந்த வயலின் உண்மையும் போயிருக்கும். கட்டத்துக்கு வெளியே கையால் எழுதக் கொஞ்சம் இடம் எப்போதும் காலியாக இருக்கும். பயந்துகொண்டாவது அங்கே எழுதுங்கள். நானும் பயந்துகொண்டுதான் எழுதினேன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் ஓய்வு பெறவிருந்த மாதம் தனலட்சுமி ஆய்வகத்துக்கு வந்தார். புதிதாகப் போட்ட மண்ணில் ஒரு பை. ஷகிலா சோதித்துச் சொன்னார்: “குறைவும்மா.”

“அப்படி வா வழிக்கு” என்றார் தனலட்சுமி மண்பையைப் பார்த்து. பிறகு கூடையிலிருந்து ஒரு தூக்கை எடுத்து என் மேஜை மேல் வைத்துத் திறந்தார். அதிரசம். “அதிகம்னதுக்கு அந்த ஆளு ஸ்வீட்டு குடுத்தாரு. இது குறைவுக்கு. எடுத்துக்கோங்க சார்.”

முந்தின நாள்தான் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சர்க்கரை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ‘அதிகம்’ என்று வந்திருந்தது. அந்தக் காகிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. காலையில் அதைப் படித்துக் காட்டியிருந்ததால் ஷகிலா என்னையே பார்த்தார்.

“நம்பர் சரி, வார்த்தைதான் தப்பு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டேன்.